உலோகத் தகடும் திண்மத் தோற்றமும்: ஆரம்பகால இரட்டை நிழற்படம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதியோரிற் பெரும்பாலோர் இரு நெறிகளில் ஒன்றினைப் பின்பற்றியுள்ளனர். ஒரு சாரார் அதனைக் கண்டுபிடிப்பாளரின் மேதாவிலாசம் பற்றிய வரலாறாக எழுதினர். மற்றொரு சாரார் படைப்பாளரின் அழகியல் ஆளுமை பற்றிய வரலாறாக எழுதினர. இவ்விரு நெறிகளிலும் உரிய இடம் பெறாது போனவற்றுள் ஒன்று, உலோகத் தகட்டில் ஆக்கப்பட்ட இரட்டை நிழற்படமாகும். சுமார் 1850 முதல் 1860 வரையுள்ள குறுகிய காலப்பகுதியில் இலண்டனிலும் பாரிஸிலும் செல்வாக்குடன் திகழ்ந்து பின்னர் விரைவில் வழக்கொழிந்த இவ்வடிவம், ஒரு வேடிக்கைப் பொருளாகவே நெடுங்காலம் கணிக்கப்பட்டு வந்தது. ஆயினும், கலையில் ‘உள்ளதை உள்ளபடி காட்டுதல்’ என்றால் என்ன என்ற வினாவினை இவ்வடிவத்தைப் போல் கூர்மையாக எழுப்பும் வேறொன்றினைக் காண்பது அரிது. அவ்வினா முற்போக்கு இலக்கிய விமரிசனத்தின் மையத்தில் நிற்பதாகும். எனவேதான் இப்பொருள் ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில் ஒரு கால ஒழுங்கினை மனங்கொள்ளல் வேண்டும். சார்ள்ஸ் வீற்ஸ்ரன் தமது ஸ்டீரியோஸ்கோப் கருவியைப் பற்றிய ஆய்வுரையினை இலண்டன் றோயல் சங்கத்தின் முன் சமர்ப்பித்தது 1838 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலாகும். டாகேரின் உலோகத் தகட்டுப் படமுறை உலகுக்கு விளக்கப்பட்டதோ 1839 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலாகும். அதாவது, இரு கண்களும் காணும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளை இணைத்துத் திண்மத் தோற்றத்தை உண்டாக்கும் கருவி, நிழற்படம் பகிரங்கமாவதற்கு முன்னரே தோன்றிவிட்டது. வீற்ஸ்ரன் தமது பரிசோதனைகளுக்கு எளிய கோட்டுருவங்களையே பயன்படுத்தினார். ஒளியும் நிழலும் ஆழத்தைத் தோற்றுவித்தன என்று எவரும் சொல்லிவிடாதிருக்கும் பொருட்டே அவர் அவ்வாறு செய்தார். தட்டையான இரு கோட்டுருவங்களிலிருந்து ஒரு கனவுரு எழுந்து நின்றது. அது தாளில் இருந்ததன்று. காண்பவரின் இரு கண்களும் மூளையும் சேர்ந்து ஆக்கிய ஒன்று.

இவ்வுண்மை மிக முக்கியமானது. ஆழம் என்பது படத்தின் பண்பன்று. காண்பவரின் உழைப்பின் விளைவு. இவ்வுழைப்பு எவ்வாறு மறைக்கப்பட்டு, பொருளின் இயல்பாகவே தோற்றும்படி செய்யப்பட்டது என்பதே நமது வினா.

2

டாகேரின் முறையைச் சிறிது விரிவாக நோக்குதல் பயனுடைத்து. வெள்ளி பூசிய செப்புத் தகடு ஒன்று முகம் தெரியும்வரை மெருகிடப்படும். பின் அது அயடீன் ஆவியிலும், 1840 களின் தொடக்கம் முதல் புரோமீன் போன்றவற்றின் ஆவியிலும் பிடிக்கப்பட்டு ஒளியுணர்வு பெறும். கமராவில் ஒளிபட்ட தகடு, சூடாக்கிய இரசத்தின் ஆவியில் காட்டப்படும்போது உருவம் வெளிப்படும். அதன்பின் உப்புக் கரைசலால் நிலைப்படுத்தப்பட்டுப் பொற்கரைசலால் உறுதிப்படுத்தப்படும். செம்பு, வெள்ளி, பொன், இரசம் ஆகிய நான்கு உலோகங்களும் ஒரு முகத்தைப் பதிவு செய்வதற்காக ஒன்றுகூடுகின்றன. இவ்வுலோகங்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. அக்காலத்து ஐரோப்பாவின் மிகப் பெரிய இரசச் சுரங்கம் ஸ்பெயினின் அல்மதேனில் இருந்தது. அதன் விற்பனை உரிமையினை 1835 இல் ரொத்ஷைல்ட் வங்கிக் குடும்பம் பெற்றிருந்தது. சுரங்கத் தொழிலாளியின் உடலை நடுங்கச் செய்த அதே ஆவிதான், படப்பிடிப்பாளரின் இருட்டறையிலும் எழுந்தது. படத்தில் அவ்வாவியின் தடயம் ஒரு மென்மையான வெண்மையாக மட்டுமே எஞ்சுகிறது.

இம்முறையின் பரவலும் நமது கவனத்துக்குரியது. பிரெஞ்சு அரசு டாகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், அவரது முன்னோடியான நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் உதவிப்பணமாக வழங்கி, 1839 ஆகஸ்டு 19 ஆம் திகதி இக்கண்டுபிடிப்பினை உலகுக்கு நன்கொடையாக அறிவித்தது. ஆனால் அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர், ஆகஸ்டு 14 இல், இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டுவிட்டது. மனித குலத்துக்கான நன்கொடை, தொழில் முதலாளித்துவம் மிக முதிர்ந்திருந்த நாட்டில் மட்டும் விலைப் பொருளாயிற்று. நிலக்கரி வணிகரான ரிச்சர்ட் பியர்ட் அவ்வுரிமையை வாங்கி, 1841 இல் தமது படப்பிடிப்பு நிலையத்தை இலண்டனில் திறந்தார். அந்தோனி குளோடே என்ற பிரெஞ்சுக் கண்ணாடி வணிகர் டாகேரிடமிருந்து நேரடியாகவே அனுமதி பெற்று அதே ஆண்டில் தொழில் தொடங்கினார்.

டாகேர் 1838 இல் தமது சாளரத்திலிருந்து எடுத்த பாரிஸ் வீதிக் காட்சி பலரும் அறிந்தது. பல நிமிடங்கள் ஒளிபட வேண்டியிருந்தமையால், வீதியில் விரைந்த வண்டிகளும் மனிதரும் தகட்டில் பதியாது மறைந்தனர். தம் பாதணிக்கு மெருகிடுவதற்காக அசையாது நின்ற ஒருவரின் உருவம் மட்டுமே தெளிவாக எஞ்சிற்று. மெருகிட்டவரோ அசைந்துகொண்டிருந்தார், ஆகவே மங்கலாகவே தெரிகிறார். இது எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஒளியியலின் விளைவே அது. எனினும், உழைப்பவர் மங்குவதும் உழைப்பைப் பெறுபவர் துலங்குவதும், அடுத்த இருபது ஆண்டுக் கால நிழற்பட வரலாற்றுக்கு ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டன.

3

டாகேரின் தகடு ஒற்றைப் பிரதி. அதற்கு நெகட்டிவ் எனப்படும் மறுதலைப் படி கிடையாது. ஒரு தகடு ஒரு படம்; அதன்பின் வேறில்லை. திண்மத் தோற்றத்துக்கோ இரு படங்கள் இன்றியமையாதவை. எனவே ஒரே கமராவைச் சற்று நகர்த்தி இருமுறை எடுத்தல், இரு கமராக்களை அருகருகே வைத்தல், இரு வில்லைகள் கொண்ட கமராவைப் பயன்படுத்தல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன. இரு தகடுகளும் பக்கம் பக்கமாகக் கண்ணாடியின் கீழ்ச் சட்டமிடப்பட்டன. தனித்துவமான கைவினைப் பொருளுக்கும் தொடராகப் பெருகும் நுகர்பொருளுக்கும் இடையிலான முரண்பாடு இவ்வடிவத்தினுள்ளேயே குடிகொண்டிருந்தது எனலாம்.

வீற்ஸ்ரனின் கருவி திறந்த அமைப்புடையது. செங்கோணத்தில் வைக்கப்பட்ட இரு ஆடிகள், இரு பக்கங்களிலும் இரு படங்கள். காண்பவர் கருவியின் உறுப்புகளையும் ஒருங்கே காண்பார். தோற்றம் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பது மறைக்கப்படவில்லை. 1849 இல் டேவிட் புறூஸ்ரர் அறிமுகப்படுத்திய வில்லைக் கருவியோ ஒரு மூடிய பெட்டி. அதனை டூபோஸ்க் என்ற கருவியாக்குநர் பாரிஸில் உற்பத்தி செய்து, 1851 ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில், உலோகத் தகட்டு இரட்டைப் படங்களுடன் காட்சிக்கு வைத்தார். விக்டோரியா மகாராணியார் அதில் ஆர்வம் காட்டினார் என்பது பிரசித்தம். அதன்பின் அது நடுத்தர வர்க்க இல்லங்களின் வரவேற்பறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

புறூஸ்ரரின் பெட்டிக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிலான உறவு விமரிசகர்கள் போதியளவு கவனியாத ஒன்று. மெருகிட்ட வெள்ளித் தகடு ஓர் ஆடி. அதனைக் கையிலெடுத்துப் பார்ப்பவர், படத்தோடு தம் முகத்தையும் அறையின் சாளரத்தையும் காண்பார். அதன் நிழற்பகுதிகள் வெறும் மெருகிட்ட வெள்ளியேயாதலால், அவ்வெள்ளி இருளைப் பிரதிபலிக்கும்போது மாத்திரமே படம் இயல்பாகத் தோன்றும். ஒளியைப் பிரதிபலித்தால் கருமையும் வெண்மையும் தலைகீழாகும். பெட்டியின் இருள்தான் படத்தை நேர்ப்படுத்துகிறது. பெட்டியின் மூடி வழியாக அளவாக விடப்படும் ஒளி, காண்பவரின் முகத்தைத் தகட்டிலிருந்து அகற்றிவிடுகிறது. வெறுங்கையில் இருக்கும் தகடு காண்பவரைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. பெட்டியினுள் வைக்கப்பட்ட தகடு அவரை நீக்கிவிட்டு, அவரது கண்களின் உழைப்பை மட்டும் பெற்றுக்கொள்கிறது. உலோகத்தின் உலோகத்தன்மையும், காண்பவரின் இருப்பும் ஒருங்கே மறைந்த அக்கணத்தில்தான் ‘மெய்ப்பொருள்’ கண்முன் திரண்டு நிற்கின்றது.

அக்கண்காட்சியே இத்தகைய மறைப்பின் பேருருவம். 1851 மே முதல் ஒக்டோபர் வரை அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் அங்கு பதிவாயின. உலகின் பல பாகங்களிலிருந்தும் கொணரப்பட்ட பண்டங்கள், அவற்றை ஆக்கிய கைகளின்றி, கண்ணாடிக் கூரையின் கீழ் ஒளிர்ந்தன. குளோடே முதலியோர் அக்கண்காட்சி மண்டபத்தையே இரட்டைப் படங்களாக எடுத்தனர். பண்டங்களைக் காட்சியாக்கிய மண்டபம், இப்போது தானே ஒரு பண்டமாகி வீட்டுப் பெட்டிக்குள் புகுந்தது.

4

இவ்வடிவம் எவற்றைத் தன் பொருளாகக் கொண்டது? நமக்கு எஞ்சியுள்ள தகடுகளில் உருவப்படங்கள், சிலைகள், கண்காட்சிக் காட்சிகள், அசையாப் பொருட் கூட்டங்கள், நிர்வாணப் பெண்ணுருவங்கள் ஆகியவை பெரிதும் காணப்படுகின்றன. ஒளிபடும் நேரத்தின் நீட்சி, தகட்டின் விலை ஆகியன இத்தெரிவுக்கு ஓரளவு காரணமாகும். ஆயின் தொழில்நுட்பம் எல்லையை வகுக்கலாமேயன்றி, அவ்வெல்லைக்குள் எதைத் தெரிவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

குளோடே 1851 அளவில் எடுத்த ‘பூகோள பாடம்’ என்ற இரட்டைப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் நிலையில் ஓர் ஆடவர். அவரைச் சூழப் பிள்ளைகள். நடுவே பூகோள உருண்டை. படத்தின் அமைப்பு மிக்க நேர்த்தியானது. உருண்டையின் வளைவு, திண்மத் தோற்றத்தின் ஆற்றலைக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமானது. கையை நீட்டினால் அதனைச் சுழற்றலாம் போலிருக்கும். உலகம் ஒரு வீட்டின் மேசைமேல் வைக்கப்படத்தக்க பொருளாகிவிட்டது. பிள்ளைகள் கற்பது பூகோளம் மாத்திரமன்று. உலகை உடைமையாக நோக்கும் நோக்கினையும் அவர்கள் கற்கின்றனர். பேரரசின் மையத்திலிருந்து நோக்கும் குடும்பத்துக்கு அது இயல்பான நோக்கு. குளோடேயின் கலைத்திறனை இக்கூற்று குறைப்பதாகாது. அவரது திறனே ஒரு வர்க்கத்தின் உலகநோக்கை இத்துணைத் தெளிவாகத் திரட்டித் தந்தது என்பதே நம் கருத்து.

குளோடேயிடம் பயின்ற ரி. ஆர். வில்லியம்ஸின் அசையாப் பொருட் படங்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. ‘காலத்தின் மணல்’ என்ற அவரது தகட்டில் மண்டையோடும் மணற்கடிகையும் இடம்பெறுகின்றன. நிலையாமையைக் கூறும் பழைய ஓவிய மரபு அது. ஆனால் ஓவியத்தில் பொருள்களின் பொய்ம்மையை உணர்த்திய அம்மரபு, இரட்டைப் படத்தில் நேர்மாறான விளைவைத் தருகிறது. மண்டையோடு திரண்டு, தொடத்தக்க பொருளாக, விரும்பத்தக்க பொருளாக நிற்கின்றது. நிலையாமை என்ற கருத்தே நிலையான உடைமையாக மாறிவிடுகிறது. உள்ளடக்கம் ஒன்று கூற, உருவம் அதனை மறுதலிக்கும் இம்முரண்பாட்டினை வில்லியம்ஸ் உணர்ந்திருந்தாரோ இல்லையோ, அவரது தகடுகளின் ஆற்றல் அதிலேயே தங்கியுள்ளது.

பாரிஸில் 1850 களில் ஆக்கப்பட்ட நிர்வாணப் படங்கள் இம்முரண்பாட்டின் கொடிய முகம். ஓவியருக்குரிய பயிற்சிப் படங்கள் என்ற போர்வையில் இவற்றுட் பல விற்கப்பட்டன. சில வழக்கு மன்றம் வரை சென்றன. தூரிகையால் தோலுக்கு வண்ணமும், அணிகளுக்குப் பொன்னும் தீட்டப்பட்டன. தீட்டியோரின் பெயரும், அமர்ந்த பெண்களின் பெயரும் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஒருவர் மாத்திரம் பார்க்கக்கூடிய பெட்டி. பார்ப்பவரின் முகம் விழாத தகடு. வாங்குபவன் காண்பான், காணப்படான். உழைக்கும் பெண்ணின் உடல் பண்டமாகும் உறவு, இங்கு கருவியின் அமைப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இவற்றோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கன இரு ஒற்றைத் தகட்டுத் தொகுதிகள். 1848 ஏப்ரல் 10 ஆம் திகதி இலண்டன் கெனிங்ரன் திடலில் திரண்ட சாசன இயக்கத் தொழிலாளரின் கூட்டத்தை வில்லியம் கில்பேர்ன் தகட்டில் எடுத்தார். அதே ஆண்டு ஜூன் மாதம், பாரிஸின் சென்மோர் வீதியில் தொழிலாளர் அமைத்த தடுப்பரண்களை, தாக்குதலுக்கு முன்னும் பின்னுமாகத் திபோ என்பவர் எடுத்தார். இவை இரட்டைப் படங்களல்ல. அவ்வாண்டில் அவ்வடிவம் இன்னும் சந்தைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே இரட்டைப் படம் தொழிலாளரைப் புறக்கணித்தது என்று இவற்றைக் கொண்டு குற்றஞ்சாட்டுதல் முறையன்று. நாம் கருதவேண்டியது பிறிதொன்று. திபோவின் இரு தகடுகளும் ஒரே இடத்தைச் சற்று வேறுபட்ட இரு கணங்களில் காட்டுகின்றன. முதற் படத்தில் வீதி தடுப்பரண்களால் அடைபட்டுக் கிடக்கிறது. மறு படத்தில் படையினர் நிற்கின்றனர். ஸ்டீரியோஸ்கோப் இரு படங்களின் வேறுபாட்டை ஒரு பொருளின் ஆழமாக ஒருமைப்படுத்துகிறது. திபோவின் தகடுகள் வேறுபாட்டை ஒருமைப்படுத்த மறுக்கின்றன. இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் நிகழ்ந்ததுதான் வரலாறு. முன்னையது இடத்தின் ஆழம். பின்னையது காலத்தின் ஆழம். கில்பேர்னின் தகடுகளோ அரச குடும்பத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தன என்பதும் சிந்திக்கற்பாலது.

5

உலோகத் தகடு நீடிக்கவில்லை. 1851 இல் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையும், கண்ணாடியிலும் தாளிலும் பிரதி எடுக்கும் வசதியும் அதனை அகற்றின. 1854 இல் தொடங்கிய இலண்டன் ஸ்டீரியோஸ்கோப்பிக் கம்பனி மலிவான தாட்படங்களைப் பெருந்தொகையில் விற்றது. அதன் நிறுவுநரான நொட்டேஜ் 1884 இல் இலண்டன் நகர முதல்வரானார். கைவினையாளரின் இடத்தை மூலதனம் பற்றிக்கொண்டது.

1859 ஆம் ஆண்டில் இரு எதிரெதிர்க் குரல்கள் கேட்டன. பாரிஸில் போதலேர், ஸ்டீரியோஸ்கோப்பின் துளைகளில் குனிந்த பேராசைக் கண்களை எள்ளி நகையாடினார். அமெரிக்காவில் ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் அதே கருவியைப் போற்றி எழுதினார். உருவம் இனிப் பொருளிலிருந்து பிரிந்துவிட்டது. பொருளின் தோலை மாத்திரம் உரித்தெடுத்துக்கொண்டு உடலை விட்டுவிடலாம். இப்படங்கள் பணத்தாள் போல உலகெங்கும் பரிமாறப்படும் என்பது அவரது கருத்தின் சாரம். முன்னவர் கலைஞனின் மேட்டிமை நின்று வெறுத்தார். பின்னவர் பூர்ஷ்வாவின் நம்பிக்கை நின்று வரவேற்றார். இருவரும் நுகர்வை மட்டுமே கண்டனர், உற்பத்தியைக் காணவில்லை. ஆயினும் ஹோம்ஸின் உவமை அவர் அறியாமலேயே உண்மையைக் கூறிவிட்டது. பொருள்களின் பயன்மதிப்பு பின்னொதுங்கி, பரிமாற்ற மதிப்பு ஆட்சி செய்யும் சமுதாயத்தின் பார்வை அது. அலன் செக்குலா 1981 இல் எழுதிய கட்டுரையில் இதனை நன்கு எடுத்துக்காட்டியுள்ளார்.

ஜொனதன் கிறேரி 1990 இல் வெளியிட்ட நூல், ஸ்டீரியோஸ்கோப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதிய ‘காண்பவர்’ உருவாகிய கதையில் மையமாக வைத்தது. வீற்ஸ்ரனின் திறந்த கருவிக்கும் புறூஸ்ரரின் மூடிய கருவிக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் வலியுறுத்தியமை பெறுமதி மிக்கது. எனினும் அவரது ஆய்வு உடலியலையும் சிந்தனை வரலாற்றையும் நோக்கிய அளவுக்குப் படத்தின் பௌதிகப் பொருளை நோக்கவில்லை. தாளும் தகடும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றே. காண்பவரின் உடல் அவரிடம் உண்டு. சுரங்கத்திலும் இருட்டறையிலும் இருந்த உடல்கள் இல்லை. பொருளைத் தவிர்த்துப் பார்வையை மட்டும் ஆராய்வது, ஹோம்ஸ் பரிந்துரைத்த தோலுரிப்பை ஆய்வுத் துறையில் மீண்டும் செய்வதாகிவிடும்.

6

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) பண்டத்தின் மாயத்தன்மையை விளக்குமிடத்துப் பார்வையை உவமையாக எடுக்கிறார். பார்வை நரம்பில் நிகழும் கிளர்ச்சி, நரம்பின் கிளர்ச்சியாகவன்றிக் கண்ணுக்கு வெளியேயுள்ள பொருளின் வடிவமாகவே நமக்குத் தோற்றுகிறது என்கிறார். ஆயின் உடனேயே அவ்வுவமையின் எல்லையையும் அவர் குறிக்கின்றார்: பார்வையில் பொருளுக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு பௌதிக உறவு உண்டு; பண்ட வடிவத்திலோ மனிதரிடையேயான சமூக உறவே பொருள்களின் உறவாகத் தோற்றுகிறது. ஸ்டீரியோஸ்கோப் இவ்வுவமையை ஒரு படி நெருக்கமாக்குகிறது. அங்கு காணப்படும் திண்மப் பொருள், காணப்படும் இடத்தில் இல்லை. காண்பவர் தாமே ஆக்கியதைப் புறத்தேயுள்ள ஒன்றன் இயல்பாகக் காண்கிறார். ஒளியியலை எவ்வளவு கற்றாலும் அத்தோற்றம் கலைவதில்லை. பெறுமதியின் இரகசியத்தை அறிவதால் மட்டும் பண்டத்தின் மாயமும் கலைவதில்லை. வேறுபாடு ஒன்றே. பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். பண்டச் சமுதாயத்தை அவ்வாறு வைத்துவிட இயலாது. அதனை மாற்றுதலே வழி.

இதிலிருந்து இலக்கிய விமரிசனத்துக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. நம் முற்போக்கு விமரிசனத்தில் இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் இடையிலான வேறுபாடு பலகால் பேசப்பட்டுள்ளது. ஆயினும் நடைமுறையில், ‘கண்முன் நிறுத்துகிறது’, ‘தத்ரூபமாக உள்ளது’ என்பனவே இன்றும் பல மதிப்புரைகளின் இறுதித் தீர்ப்பாக அமைந்துவிடுகின்றன. சேரியின் நாற்றமும் வயலின் சேறும் திரண்டு நின்றால் அப்படைப்பு மக்கள் இலக்கியமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கதை கூறலுக்கும் வருணனைக்கும் இடையே லூக்காக்ஸ் 1936 இல் வகுத்த வேறுபாடும், ஒரு பெருந்தொழிற்சாலையின் நிழற்படம் அத்தொழிற்சாலை பற்றி ஏறத்தாழ எதையும் கூறுவதில்லை என்று பிறெக்ற் உணர்த்தியதைப் பெஞ்சமின் 1931 இல் எடுத்தாண்டமையும் இவ்வெண்ணத்துக்கு எதிரானவையே. துலக்கம் வேறு, உண்மை வேறு.

இதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. உலோகத் தகடு மறைந்து அரை நூற்றாண்டின் பின், அண்டர்வுட் அன் அண்டர்வுட் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைத் தாளில் இரட்டைப் படங்களாக்கி விற்றன. கொழுந்து கொய்யும் பெண்ணும், கூடையும், அவளுக்குப் பின்னால் அடுக்கடுக்கான மலைச்சரிவும் அவற்றில் மிகத் திண்மமாகத் தெரியும். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளியின் வாழ்வை நிர்ணயித்ததோ, அவருடைய கடனைக் குறித்து, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாறிய ‘துண்டு’ என்னும் தட்டையான தாள். அம்முறை 1921 இல் ஒழிக்கப்படும்வரை, அப்பெண் எங்கு கொழுந்து கொய்வாள் என்பதை அத்துண்டே முடிவு செய்தது. மலைச்சரிவு முழுவதும் பெட்டிக்குள் வந்தது, துண்டு வரவில்லை.

மலைச்சரிவைக் காட்டும் ஆற்றல் கலைக்கு வேண்டாததன்று. உலோகத் தகட்டில் உழைத்தவர்கள் மனிதக் கண்ணின் ஆற்றலை விரிவாக்கினர் என்பதை மறுப்பது வரலாற்று நோக்காகாது. ஆனால் மலைச்சரிவையும் துண்டையும் இணைத்து, அவற்றிடையேயுள்ள உறவை வெளிப்படுத்தும்போதே கலை யதார்த்தமாகிறது. அத்தகைய ஆழத்தை இரு வில்லைகளால் ஆக்க முடியாது. வர்க்க உறவுகள் பற்றிய தெளிவான அறிவும், அவ்வுறவுகளுள் வாழும் மனிதர் மீதான ஈடுபாடும் ஒருங்கிணைந்தே அதனை ஆக்கமுடியும்.